நங்கையா பார்க்க விழுந்தவள்

காலையில் எதிரே வருகிறவரிடம் "பசியாறியாச்சா?" என்று என் வாய் இன்றைக்கும் கேட்டுவிடுகிறது. நான் பிறந்த மலாய் நாட்டுக் கெடாவில் அது கும்பிடு போடுவதைப் போல. இங்கே கொல்லிமலையில், குண்டூர் நாட்டில், "ஏனுங்க, எங்க ஊட்டுல சோறில்லீன்னு யாரு சொன்னது?" என்று முறைப்பார்கள். நாற்பத்தைந்து வருடமாக முறைக்கிறார்கள்; நானும் விடவில்லை. கித்தாத் தோட்டத்தில் ரப்பர் மரங்களுக்கிடையே என்னோடு வளர்ந்தவர்களே, மூன்றாம் வகுப்புத் தமிழில் மெல்ல எழுதுகிறேன், நீங்களும் மெல்லப் படியுங்கள். இது நான் பழி தீர்த்த கதை.

கெடாவுக்கு வேலை தேடி வந்தவரைக் கட்டிக்கொண்டு இந்த மலைக்கு வந்தேன். அவர் வீட்டு வழக்கப்படி, புது மருமகள் மறுநாள் காலையில் ஊற்றிலிருந்து குடம் சுமந்து மேலேறி வர வேண்டும். ஊரே நின்று பார்க்கும். என்னுடையது சமதரையில் வளர்ந்த கால். பாதிச் சரிவில் குடத்தோடு உருண்டேன். முதலில் சிரித்தவள் என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு நங்கையா முறை. "நிக்கத் தெரியாததைக் கப்பல்ல ஏத்திக் கூட்டியாந்திருக்கான் பாரு!" தோட்டத்தில் யார் விழுந்தாலும் பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரம்மா "ஜாத்தோ, பாங்ஙூன்" என்பாள். விழுந்தாய், எழுந்திரு, அவ்வளவுதான், சிரிக்க மாட்டாள். அன்று சேற்றில் உட்கார்ந்தபடியே நங்கையாவின் சிரிப்பை மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

பல வருடம் கழித்து அதை அவிழ்க்க வழி கொடுத்தவள் நங்கையாவின் பேத்தி தேன்மொழி. ஒன்பது வயது. ஒரு பொத்தான் போடுவதற்குள் பள்ளி மணி அடித்துவிடும், வெறுந்தரையிலும் விழுவாள். கையும் காலும் சேர்ந்து சொல் கேட்காத பிள்ளைகள் உண்டு, பழக்கினால் தேறும் என்றார் டாக்டர். நங்கையாவோ, "நாலு பேரு சிரிப்பாங்க" என்று பள்ளியையே நிறுத்தப் பார்த்தாள். சிரிப்பைப் பற்றி அவள் பேசுகிறாள்! அந்தச் சமயத்தில் கீழேயிருந்து மாற்றலாகி வந்த விளையாட்டு டீச்சர், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் ஜூடோ சொல்லித்தர ஆரம்பித்தார். நானே தேன்மொழியைக் கூட்டிப்போனேன். இரக்கத்தால் என்று எண்ண வேண்டாம். தன் இரத்தத்தில் வந்த பிள்ளை ஊரார் முன் விழுவதை நங்கையா உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

"எப்பங்க டீச்சர் நிக்கச் சொல்லித் தருவீங்க?" என்று கேட்டேன்.

"மொதல்ல வுழுகறதுங்கம்மா. அப்புறந்தான் மத்ததெல்லாம்."

மாதக்கணக்கில் அதுதான் பாடம். தாடையை நெஞ்சோடு சேர்த்து, பக்கவாட்டில் சரிந்து, உள்ளங்கையால் பாயை ஓங்கி அடிக்க வேண்டும். அடியைக் கை வாங்கிக்கொள்ளும், உடம்பு தப்பிக்கும். தேன்மொழியின் கை எப்போதும் பிந்தியே வந்தது. உடம்பு விழுந்து வலித்த பிறகு பாயைத் தட்டும். வீடு திரும்பும் வழியில் நான் "ஜாத்தோ" என்பேன், அவள் "பாங்ஙூன்" என்பாள். ஒரு சனிக்கிழமை உடம்பும் கையும் ஒரே சத்தமாக விழுந்தன. அன்று வஞ்சம் மறந்துபோனது. வீடு வந்து நங்கையாவின் முகத்தைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டது.

பள்ளி ஆண்டுவிழாவுக்கு வர மாட்டேன் என்ற நங்கையாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்தேன். டீச்சர் தள்ளத் தள்ளத் தேன்மொழி விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் கைதட்டல். காதோரம் குனிந்தேன்.

"சிரிங்க நங்கையா."

அவள் முந்தானையால் வாயை மூடியிருந்தாள். முந்தானையை எடுக்காமலே, "உன்னாட்டமே வுழுகறா" என்றாள்.

"நான் வுழுந்தப்ப யாருங்க கைதட்டுனீங்க?"

அவள் கண் நனைந்திருந்தது. பார்த்தேன், மன்னிக்கவில்லை.

திரும்பும்போது தூறல். நங்கையா பின்னால், பிள்ளை முன்னால். அதே சரிவில் என் கால் வழுக்கியது. மாதக்கணக்கில் பார்த்திருந்த பாடம், தாடை தானாக நெஞ்சுக்குப் போயிற்று, உள்ளங்கை மண்ணை அறைந்தது. பின்னாலிருந்து சிரிப்பு வரவில்லை. தேன்மொழி திரும்பினாள். கை கொடுக்கவில்லை, இடுப்பில் கை வைத்து நின்று, "ஜாத்தோ" என்றாள்.

மலை மண் கையெல்லாம் அப்பியிருக்க, கெடாவின் சொல்லால் பதில் சொல்லிக்கொண்டே எழுந்தேன்.