திண்டிவனத்துக்குப் போகாத இரண்டு பொங்கல்

மண்ணாங்கட்டிக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதாவது தங்கட்டும் என்று குப்பைமேட்டில் போட்டு எடுத்து இந்தப் பேரை வைத்தார்கள். தங்கிவிட்டான். பதினெட்டு வயதில் காணையிலிருந்து விழுப்புரத்துக்கு வந்து, ரயில் ஷெட்டில் கரிக் கூலியாகச் சேர்ந்தான். நிலக்கரியைக் கூடையில் வாரி, தலைமேல் ஏற்றி, சாய்த்து வைத்த பலகையில் நடந்து, எஞ்சினுக்குக் கொட்ட வேண்டும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் அதே நடைதான். நாற்பது ஆவதற்குள் கழுத்து இறுகிப்போய், யாராவது கூப்பிட்டால் உடம்பு மொத்தத்தையும் திருப்பித்தான் பார்ப்பான்.

நிறைந்த கூடையை ஒருத்தனே தலைக்கு ஏற்ற முடியாது. தூக்கிவிட ஒரு கூட்டாளி வேண்டும். அவனுக்கு வாய்த்தவன் இருதயராஜ். ஏழு வருசம் இவன் தலைக்கு அவன், அவன் தலைக்கு இவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் பலகை வழுக்கி விழுந்து இருதயராஜுக்கு இடுப்பு போனது. பெண்டாட்டி ஊரான திண்டிவனத்துக்குப் போய், மல்லாட்டை மண்டியில் கடலைச் சாக்கு தைக்க உட்கார்ந்துவிட்டான்.

போகிற அன்றைக்குச் சொன்னான்: "வருசத்துல ஒரு நாளு மூஞ்சியப் பாத்துக்கணும்டா. காணும் பொங்கலுக்கு ஒரு வருசம் நீ வா, ஒரு வருசம் நான் வர்றேன்."

"உங்க கோயில்ல பொங்கல் ஏதுடா?"

"மொச்சக் கொழம்புக்குக் கோயிலு எதுக்குடா?"

அப்படியே நடந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. சாப்பிடுவார்கள், வெற்றிலை போடுவார்கள், மேஸ்திரியைத் திட்டுவார்கள். வந்தவன் சாயங்காலம் அஞ்சு மணி ரயிலில் கிளம்பிவிடுவான்.

நாற்பத்து நாலில் மண்ணாங்கட்டி போகவேண்டிய முறை. யுத்த காலம். பட்டாளத்து ரயில் ஒன்று மேல் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. மேஸ்திரி லீவு கிடையாது என்றுவிட்டார். போகவில்லை. மறு வருசம் அவன் வரவேண்டிய முறைதானே என்று, பெண்டாட்டி குப்பம்மாளை மொச்சைக் குழம்பு வைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு ரயிலுக்கும் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றான். இருதயராஜ் வரவில்லை.

"வராதவன் வீட்டு வாசப்படி எனக்கு எதுக்கு?" என்று வீட்டுக்கு வந்து கத்தினான்.

"கொழம்பு மேல இன்னாய்யா கோவம்? துன்னு" என்றாள் குப்பம்மாள்.

அதற்கடுத்த வருசமும் போவதில்லை என்றுதான் இருந்தான். மாட்டுப் பொங்கல் அன்று காலையில், எஞ்சினில் நெருப்பு போடும் கிருஷ்ணசாமி மேலேயிருந்து குனிந்து கேட்டான்.

"டேய் மண்ணாங்கட்டி, திண்டிவனத்துல உனக்கு ஒரு கூட்டாளி கீறானா? கம்ப ஊனிக்கினு நிப்பான்?"

"ஆமா. இன்னா அவனுக்கு?"

"அங்க எஞ்சினுக்குத் தண்ணி புடிக்கறப்ப வந்து கேட்டான். 'காணும் பொங்கலுக்கு ரெண்டு வருசமா ஸ்டேஷன்ல வந்து நிக்கிறேன், மண்ணாங்கட்டி எறங்கவே இல்ல, உசுரோட கீறானா'ன்னு."

மண்ணாங்கட்டி கூடையைக் கீழே வைத்தான். அவன் கணக்கில், போகாத வருசம் போனதுதான், அடுத்தது இருதயராஜ் முறை. இருதயராஜ் கணக்கிலோ, வராதவன் வந்து தீர்க்கிற வரைக்கும் முறை அவனுடையதுதான். இவன் விழுப்புரத்திலும் அவன் திண்டிவனத்திலும் ஒரே நாளில் நின்று காய்ந்திருக்கிறார்கள். இடுப்பு போனவனை நிற்க வைத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

நாளைக்கு லீவு வேண்டுமென்றால் இன்னொருத்தன் வேலையையும் சேர்த்துச் செய் என்றார் மேஸ்திரி. பகல், ராத்திரி இரண்டும் கரி சுமந்துவிட்டு, கண் எரிய எரிய, நாலு கரும்பைக் கட்டிக்கொண்டு காலை ரயிலில் ஏறினான். கூட்டத்தில் உட்கார இடமில்லை. மயிலம் தாண்டியும் நின்றுகொண்டே போனான்.

இருதயராஜ் வீட்டில்தான் இருந்தான். இந்த வருசம் ஸ்டேஷனுக்கு வரவில்லை. பார்த்தவுடன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"யாருன்னு கேளு சவுரியம்மா."

"உன் கண்ணு அவிஞ்சா போச்சு? வாங்கண்ணே, உக்காருங்க" என்று பாயை விரித்தாள் அவன் பெண்டாட்டி.

"தப்பு எம்மேலதாண்டா" என்றான் மண்ணாங்கட்டி. இதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்தது. இன்னும் சொல்ல நிறைய இருந்தது. பாயில் உட்கார்ந்து சுவரில் முதுகைச் சாய்த்தான். இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வாயைத் திறந்தவன், கேட்காமலே தூங்கிவிட்டான்.

முழித்தபோது கூரை ஓட்டைவழியாக விழுந்த வெயில் எதிர்ச் சுவரில் ஏறியிருந்தது. தலைக்கடியில் மடித்த சாக்கு. பக்கத்தில் இருதயராஜ் துண்டால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

"மணி இன்னாடா?"

"உன் ரயிலு ஒலக்கூர் தாண்டி இருக்கும்."

"ஒலக்கூரு அந்தப் பக்கம்டா."

"அப்ப பேரணி. எங்கியோ போயிருக்கும், உட்றா."

"எழுப்பக் கூடாதா? நாளைக்கி மேஸ்திரி என்னத் தொலைச்சிடுவான்."

"ரெண்டு வருசம் கழிச்சி வந்தவன எழுப்பி அனுப்பறதா? நீ கொறட்ட உட்ட, நான் பாத்துக்கினு இருந்தேன். போதும் எனக்கு."

சவுரியம்மாள் ஆறிப்போன சோற்றை இரண்டு தட்டிலும் போட்டாள். இருதயராஜும் அதுவரை சாப்பிடவில்லை. வேலை போனால் போகிறது என்று மண்ணாங்கட்டி தட்டை இழுத்துக்கொண்டான். இருதயராஜுக்குக் குனிய முடியவில்லை. தரையிலிருந்த அவன் தட்டை இவன் எடுத்துக் கையில் கொடுத்தான்.