காலியாக விட முடியாத கேள்வி

எண்பதுகளின் கடைசியில் நாமக்கல் அருகே ஒரு கோழித் தீவன ஆலையில் எனக்கு வேலை. சேலத்தில் ஆறு மாதம் யூனிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் படிப்பு படித்தவள் என்பதால், பணியாளர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஷெல் நிரலை என்னை எழுதச் சொன்னார்கள்.

அதில் ரீட் என்றொரு கட்டளை. அது வந்ததும் இயந்திரம் நின்று காத்திருக்கும். நாம் தட்டுவதை வாங்கி, மாறி என்ற, பெயர் ஒட்டிய டப்பா மாதிரியான ஓர் இடத்தில் போட்டுக்கொள்ளும். வெறும் என்டரைத் தட்டினால் மாறி காலியாகவே இருக்கும். "எதையும் காலியா உடக் கூடாதுங்க அம்மிணி," என்றார் மேலாளர். நானும் சமர்த்தாக, பதில் வரும்வரை அதே கேள்வியைத் திரும்பக் கேட்கும்படி எழுதினேன். கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தி நிரலை நடுவில் நிறுத்தித் தப்பிப்பார்களே, அந்த வழியையும் அடைத்தேன். பெருமை பிடிபடவில்லை.

முதல் பதிவு என்னுடையதாகவே இருக்கட்டும் என்றார்கள். அலுவலகமே பின்னால் நின்றது. பெயர், ஊர், வயது, மணமானவரா. அடுத்து, மணமான பெண்களுக்கு மட்டும் வரும் கேள்வி: கணவர் பெயர்?

அந்த ஆளை விட்டு வந்து எட்டு மாதம். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. லாரியில் வடக்கே போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தேன்.

என்டரைத் தட்டினேன். கணவர் பெயர்? மறுபடி தட்டினேன். கணவர் பெயர்? கண்ட்ரோலும் சி-யும். அதற்கும் அதே கேள்விதான்.

"ஊட்டுக்காரரு பேரை வாயாலதான் சொல்லக் கூடாது, தட்டுனாத் தப்பில்லீங்க அம்மிணி!" என்று சிரித்தார் எடை போடும் அக்கா. எனக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒளிந்துகொள்ள அந்த வழக்கம் வசதியாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

அதுதான் நான் செய்த தப்பு. "நவுருங்க, நானே போடறேன்," என்று மேலாளர், வேலைக்குச் சேர நான் கொடுத்திருந்த விண்ணப்பத்தைப் பார்த்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். நல்ல மனிதர். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். இயந்திரம் வாங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனது.

மறுநாளே, யாரையும் கேட்காமல், திரும்பக் கேட்கும் வரிகளை அழித்தேன். பிறகு வேலைக்குச் சேர்ந்த, கணவனை இழந்த ஒருத்தி அந்த இடத்தில் என்டரை மட்டும் தட்டிவிட்டுக் கடந்து போனாள். பார்க்கவே நிம்மதியாக இருந்தது.

என் பதிவில் கைவைக்க மட்டும் தைரியம் வரவில்லை. மாதாமாதம் பணியாளர் பட்டியலை அச்செடுப்பது என் வேலை. ஆறு வருடம், என் பெயருக்குப் பக்கத்தில் அந்த ஆளின் பெயரை நானே அச்செடுத்தேன்.