காலி வகுப்பறை

அறுபதுகளின் நடுவில், சிதம்பரத்தில் பெரிய கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தும், விடுதியில் தங்க மனமில்லாமல் கடலூரில் ஒரு சின்ன பெண்கள் கல்லூரியில் சேர்ந்தேன். “எந்தக் காலேஜ்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?” என்றார் மாமா. படிக்கப்போவது நான், அவமானம் அவருக்கு.

எனக்கும் உறுத்தல்தான். கல்யாண வீடுகளில், சிதம்பரத்தில் படித்த மாமா மகளைத்தான் எல்லோரும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுவார்கள்.

ஒருநாள் அவள் என் கல்லூரியைப் பார்க்க வந்தாள். மதிய இடைவேளை, வகுப்பில் யாருமில்லை. காலையில் பிடிபடாத கணக்கை நான் கரும்பலகையில் மறுபடி போட்டுப் பார்த்தேன். அவள் வாசலிலேயே நின்றாள்.

“உள்ள வாயேன்.”

“லெக்சரர் வரலியே.”

ஆண்களும் படிக்கும் அவர்கள் கல்லூரியில் பெண்கள் தனி அறையில் காத்திருந்து, ஆசிரியர் பின்னால் வகுப்புக்குள் போய், மணி அடித்ததும் அவர் பின்னாலேயே வெளியே வந்துவிட வேண்டுமாம். கரும்பலகைப் பக்கமே அவள் போனதில்லையாம்.

சாக்பீஸை அவள் கையில் கொடுத்தேன். மீதிக் கணக்கை அவள்தான் முடித்தாள். என்னைவிடக் கெட்டிக்காரி.

அதற்குப்பிறகு எந்தக் காலேஜ் என்று யார் கேட்டாலும், மாமா வாயைத் திறப்பதற்கு முன்பே நான் சொல்லிவிடுவேன்.