தீர்த்தம் குடித்த கம்ப்யூட்டர்

மகளின் பள்ளிக்கூடப் பையிலிருந்து அழிரப்பர் ஒன்று விழுந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தேன், ஸ்ட்ரோபெரி மணம். மற்றவர்களுக்கு இது பள்ளிக்கூடத்தை ஞாபகப்படுத்துமாம். எனக்கு நெத்தலிக் கருவாடும் அக்காவின் கல்யாணமும்தான் ஞாபகம் வரும். ஏனென்று கேட்பீர்கள், சொல்கிறேன்.

அப்போது மன்னாரில் தாழ்வுபாடு என்ற கடற்கரை ஊரில் இருந்தோம். அப்பாவுக்குக் கடல்தொழில். நான் மன்னார் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பை முடித்து, சான்றிதழைக் கண்ணாடி போட்டு நடுவீட்டில் மாட்டியிருந்தேன். இரண்டு விரலால்தான் தட்டுவேன் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்த இலுப்பைப்பூவை நம்பித்தான் அப்பா, கொழும்பில் ஏதோ ஒரு கம்பெனிக் கந்தோர் கழித்துவிட்ட கம்ப்யூட்டரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

காரணம் அக்கா. நோர்வேயில் இருந்த ஒருவருக்கு அவளைப் பேசியிருந்தார்கள். ஒரு தடவை கம்ப்யூட்டரில் முகம் பார்த்துக் கதைத்த பிறகுதான் முடிவு என்று இரண்டு பேருமே சொல்லிவிட்டார்கள். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் கதைப்பதாக ஏற்பாடு. அது தவறினால் அவருடைய தாய் கையில் இன்னொரு சம்பந்தம் தயாராக இருந்தது. "கதைக்கேக்க பாத்தாத்தான் ஆள் எப்பிடி எண்டு தெரியும்," என்று அக்கா பெரிதாகச் சொன்னாளே தவிர, அவருடைய படம் எந்நேரமும் அவள் கைப்பைக்குள்தான் இருந்தது.

எங்கள் ஊரில் புது வள்ளமோ எஞ்சினோ வந்தால், தேவாலயத்துப் பங்குச் சுவாமி வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த பிறகுதான் கடலுக்கு இறக்குவார்கள். வீட்டுக்கு வந்தது எஞ்சின் மாதிரி இரையுது, ஆகவே இதுவும் எஞ்சின்தான் என்பது அம்மாவின் கட்சி. சனிக்கிழமை காலை சுவாமி வந்தார். பாவம், அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"இதுக்குக் கொஞ்சமாத் தெளிக்கட்டே?" என்று கேட்டார்.

"வள்ளத்துக்கு அள்ளித் தெளிச்சனீங்கள் சுவாமி, பிள்ளையின்ர காரியத்துக்கு ஏன் கஞ்சத்தனம்?" என்றார் அம்மா.

பெட்டியின் காற்றுத் துவாரங்களுக்குள் தீர்த்தம் இறங்கியது. உள்ளே இருந்து 'சுர்' என்று ஒரு சத்தம் வந்தது. "பிசாசு போகுது," என்றார் அம்மா. போனது கம்ப்யூட்டரின் உயிர். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் சான்றிதழைப் பார்த்தேன்.

அப்பா எஞ்சின் கழற்றும் சாவியோடு வந்து பெட்டியைக் கழற்றினார். "தீர்த்தத்தில உப்புப் போடுறவை. உப்புத் தண்ணி பட்ட எஞ்சினை நல்ல தண்ணியில கழுவ வேணும்," என்று வாளியைத் தூக்கினார். வாளியைப் பிடித்துத் தொங்கித் தடுத்ததுதான் அந்த வகுப்பால் நான் செய்த ஒரே பெரிய காரியம். கழுவுவதில்லை, காயவைப்பது என்று சமாதானம் ஆனது. காயவைக்க எங்கள் வீட்டில் ஒரே இடம்தான் உண்டு. முற்றத்துப் பாயில் நெத்தலி ஒரு பக்கம், கம்ப்யூட்டரின் குடல் மறுபக்கம். அக்கா பக்கத்தில் கதிரை போட்டு, கையில் தடியோடு, தன் கல்யாணத்தைக் காகம் கொத்தாமல் நாள் முழுக்கக் காவல் இருந்தாள். நான் பகிடி விட்டபோது அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது.

ஞாயிறு காலை எல்லாவற்றையும் திரும்பப் பொருத்திப் பூட்டிப் பார்த்தால், பீப் பீப் என்ற அழுகை மட்டும் வந்தது. வகுப்பில் அரைத் தூக்கத்தில் கேட்ட ஒன்று அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது: மெமரித் துண்டின் பித்தளைப் பல்லை அழிரப்பரால் தேய்க்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளையிடம் ஓடினேன். ஸ்ட்ரோபெரி மணக்கும் அழிரப்பர்தான் இருந்தது. தேய்த்தேன், பூட்டினேன், திரையில் வெளிச்சம் வந்தது. கூடவே காற்றாடி சுற்ற, வீடு முழுக்கக் கருவாட்டு மணம். பாயிலிருந்து அள்ளிய அவசரத்தில் ஒரு நெத்தலியையும் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன். திரும்பக் கழற்ற யாருக்கும் துணிவில்லை.

படம் வந்ததே ஒழியச் சத்தம் வரவில்லை. அதனால் முகத்துக்குக் கம்ப்யூட்டர், குரலுக்குக் கைபேசி என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். சிக்னலுக்காக இன்டர்நெட் டொங்கிளை நீள வயரில் பூட்டி, யன்னலுக்கு வெளியே வேப்பங்கொப்பில் அப்பாவின் தூண்டில் தங்கூசி நூலால் கட்டியிருந்தோம். சோழகக் காற்றில் கொப்பு ஆட ஆட, குரல் முன்னே வந்தது, முகம் மெதுவாகப் பின்னால் வந்தது. அப்பா கடலில் கூப்பிடுகிற மாதிரி நோர்வேக்குக் கேட்கக் கத்திக்கொண்டிருந்தார்.

கடைசியில் மாப்பிள்ளை அக்காவிடம், "உங்களுக்கு விருப்பமோ?" என்று கேட்டார்.

"ஓம்," என்றாள் அக்கா.

கைபேசியில் அவர் சிரிப்பது கேட்டது. திரையிலோ அவர் இன்னும் நகத்தைக் கடித்தபடி பயந்துபோய் இருந்தார். நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கி அந்த முகத்தையே பார்த்தோம். "பாவம், எங்களுக்குத் தெரிஞ்சது அவருக்கு இன்னும் தெரியேல்ல," என்று அப்பா மெதுவாகச் சொன்னார். பிறகு வேப்பங்கொப்பு ஆடியது, அந்த முகம் மலர்ந்தது, வீடு வெடித்துச் சிரித்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இன்னொரு முகத்தைப் பார்த்துக் காத்திருந்ததில்லை.

கம்ப்யூட்டர் கருவாட்டு மணத்தோடு சில காலம் ஓடியது, பிறகு போய்ச் சேர்ந்தது. அதன் பெட்டிக்குள் கோழி அடை கிடந்தது. வேப்பமரமும் இப்போது இல்லை. அக்கா நோர்வேயிலிருந்து கைபேசியில் வருகிறாள். குரலும் முகமும் ஒன்றாகவே வருகின்றன.

அப்பா இறந்துபோன செய்தியை நான்தான் அவளுக்குச் சொன்னேன். வெங்காயம் உரித்தபடி ஏதோ பகிடி சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்குமுன்னே முகம் மாறிவிட்டது. அந்த வேப்பங்கொப்பு இருந்திருந்தால், இன்னும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கும் என் அக்காவைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.