இன்னும் செவ்வாய்க்கிழமை

வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நடக்கும்போது, பாதி வழியில் திரும்பி வந்து பிளக்குகளைப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. மற்றவர்கள் பிடுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் செருகியிருக்கிறதா என்று பார்ப்பேன். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. பெரகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், மலையை முதுகுக்கு வைத்துக் கட்டிய லயத்தில், ஒற்றை அறை வீடுகளின் வரிசையில், இரண்டாவது காம்பரா எங்களுடையது. லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள் ஒரு வெடிப்பு ஓடியது. முதல் வருஷம் அதற்குள் கை நுழைந்தது. அடுத்த வருஷம் கால் நுழைந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, இங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே இருக்கலாம் என்பதைப் பிறகு சொல்வதாக இருந்தது. அதுவரைக்கும் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் போத்தல் தந்தார்கள். மழைத்தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் எல்லாரும் மேட்டிலிருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். நனைந்துகொண்டு போய் அந்தப் போத்தலைப் பார்த்தது லயத்திலேயே நான் ஒருத்திதான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பதுளையில் கம்ப்யூட்டர் திருத்துகிற கடையில் இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கியபோது, சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகையைக் கொண்டுவந்தார். இதுவும் முழுக் கம்ப்யூட்டர்தான், உள்ளே ஓடுவது லினக்ஸ் என்றார். "அது யாருடா?" என்று அம்மா கேட்டாள். மாமா விளக்கமாகச் சொன்னார். அம்மா கடைசிவரை அதை ஓர் ஆளாகவே நினைத்துக்கொண்டாள்.

போத்தலை யாரும் பார்ப்பதில்லை, அதனால் மழையை எண்ணி அதுவே கத்துகிற மாதிரி ஒன்று செய்கிறேன் என்றார் மாமா. இரண்டு கரண்டிகளை ஒட்டிய தராசு போல ஒன்றைக் கூரையில் வைத்தார். தண்ணீர் நிறைந்தால் அது ஒரு பக்கம் சாயும். எத்தனை தரம் சாய்ந்தது என்று பலகை எண்ணும். கோவிலிலிருந்து புனல் ஸ்பீக்கரை இரவல் வாங்கி வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் கட்டினார். அதில் பேச ஒரு குரல் வேண்டியிருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"நானா? எனக்குப் பயமா இருக்கு மாமா."

"அதுதான் வேணும். நீ சோறு வேணும்னு கேட்டாலே வீடு பத்திக்கிட்ட மாதிரி இருக்கு."

"தண்ணி கூடிருச்சு, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வாங்க, சாமான் எடுக்காம வாங்க" என்று மூன்று தரம் சொன்னேன். மாமா அதைப் போனில் பதிந்துகொண்டார்.

முதல் தடவை அது கத்தியது, மழையே இல்லாத ஒரு மாலை ஆறு மணிக்கு. லயமே மேட்டுக்கு ஓடியது. சாமான் எடுக்காமல் வரச் சொல்லியும் இரண்டு டீவி வந்திருந்தன. இரண்டாவது தடவை, ஆறாவது காம்பராவில் ஒரு பிள்ளைக்குச் சடங்கு. பட்டுச்சேலைகளோடு ஓடி, பள்ளிக்கூட முற்றத்தில் நின்று, தெளிந்த வானத்தைப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது பிரியாணியை நாய்கள் முடித்திருந்தன.

கடைசிக் காம்பராவில் இருந்தவரை நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். உறவில்லை, பழக்கம். அன்றிலிருந்து எனக்குச் 'சைரன்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். "சைரன் வருது, வழி விடுங்கப்பா!" என்பார். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பெண்கள் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்திலும் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. இரவல் ஸ்பீக்கரில் என் குரலைக் கேட்டுக் கேட்டு, வாயைத் திறக்கவே எனக்குக் கூசியது.

மாமா கோளாறைத் தேடினார். வயரை மாற்றினார். அதன் சின்ன மெமரி கார்டை மாற்றி, லினக்ஸை மறுபடி ஏற்றினார். ஒவ்வொரு தரமும் பலகையைத் தட்டி எழுப்பியதும், போனைப் பார்த்து அதற்கு நாளும் மணியும் சொல்லிக்கொடுப்பார். குழந்தைக்குக் கிழமை சொல்லித் தருகிற மாதிரி இருக்கும். கடைசியில் கண்டுபிடித்தார். ஆறு மணிக்கு வேலை விட்டு வந்து லயம் முழுக்கத் தேத்தண்ணீர்க் கேத்தலைப் போட்டதும் கரண்ட் மெலிந்துவிடுகிறது. பலகை செத்துப் பிழைக்கிறது. பிழைத்த வேகத்தில் கத்திவிடுகிறது.

அதற்கு ஒரு பேட்டரி வாங்க, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பதுளைக்குப் பஸ் ஏறினார். "பலகையில எரியிற செவப்பு லைட்ட மட்டும் பாத்துக்க. அணைஞ்சா அம்மா போன்ல எனக்கு எடு. வேற ஒண்ணும் தொடாத" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மழை பிடித்திருந்தது. அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காம்பராவில் டீவி ஓடியது. நான் சிவப்பு விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். ஆறு மணிக்குக் கேத்தல் போடுவார்கள். அது கத்தும். இந்த மழையில் எல்லாரும் நனைந்து ஓடுவார்கள். நாளைக்குப் பெரியப்பா என்ன சொல்வார்? மூன்று மணி இருக்கும். பிளக்கைப் பிடுங்கினேன். மாமா வரும்வரைக்கும்தானே என்று நினைத்தேன்.

மாமா வரவில்லை. ரோட்டில் மண் விழுந்து பஸ் நின்றுவிட்டது என்று அம்மா சொன்னாள். விடிந்தபோது மழை இன்னும் பெருத்திருந்தது. பிளக்கைக் கையில் எடுத்தேன். செருகினால் எழும்புகிற வேகத்தில் கத்தும். கத்தினால் நேற்று ஏன் விளக்கு அணைந்திருந்தது என்று கேட்பார்கள். கீழே போட்டேன்.

வெளியே பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கப் போகிறவர்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவர் மலையைப் பார்த்தார். "மிசின் கத்தலயே, வாங்க" என்றார் இன்னொருவர். போத்தல் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மிஷின் வந்த பிறகு அதை நான்கூடப் பார்ப்பதில்லை.

பெரியப்பா காய்ச்சலோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றார். பையை மாட்டிக்கொண்டு போன என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னடி சைரன், சத்தத்தையே காணோம்? அப்ப பயமில்ல. நான் ஒரு தூக்கம் போடுறேன்."

பதினொரு மணிக்கு நாங்கள் கணக்குப் பாடத்தில் இருந்தோம். லொறி கல் கொட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது, நிற்காமல். கடைசி மூன்று காம்பராக்களும் போய்விட்டன. இரண்டில் ஆளில்லை. பெரியப்பாவை மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் மாமா நடந்தே வந்து சேர்ந்தார். லயத்து ஆட்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்திருந்தோம். கையில் அகப்பட்டதை அள்ளி வந்தபோது, அம்மா பலகை இருந்த பெட்டியையும் சேலையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். பெரியம்மா, பெரியப்பாவின் மனைவி, அழுது முடித்த குரலில் கேட்டாள்.

"தம்பி, அது ஏன் கத்தல?"

மாமா பலகையை வகுப்பறைச் சுவரில் செருகி, லேப்டொப்பில் மாட்டினார். எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவர் திரையைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"இதுக்கு இன்னும் செவ்வாக்கெழம பகல் மூணு மணி" என்றார் மெதுவாக. பிறகு, "அக்கா, செவ்வாக்கெழம லயத்துல கரண்ட் போச்சா?"

"இல்லியே. ராத்திரி நாடகம் பாத்தோமே" என்றாள் அம்மா.

மாமா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான். பிறகு பெரியம்மாவிடம் திரும்பினார்.

"மிசின் கோளாறு அக்கா. நான் செஞ்சது சரியில்ல. என் தப்பு."

பெரியம்மாவின் மகன் அவர் சட்டையைப் பிடித்தான். யாரோ காறித் துப்பினார்கள். மாமா கையைக்கூடத் தூக்கவில்லை. அந்த வாரமே கொழும்புக்குப் போனார். பிறகு தோட்டத்துக்கு வரவேயில்லை. நாங்கள் பல மாதம் அந்த வகுப்பறையில் படுத்தோம். அதற்குப் பிறகு அங்கே உட்கார்ந்து படிக்க என்னால் முடியவில்லை, படிப்பை விட்டுவிட்டேன்.

இப்போது பெரகலையில் ஒரு போன் கடையில் திருத்த வேலை செய்கிறேன். அந்த மாதிரிப் பலகை ஒன்று போன வருஷம் என் மேசைக்கு வந்தது. அதற்குள் கடிகார பேட்டரி கிடையாது. கரண்ட் நின்றால் அதற்குக் காலமும் நின்றுவிடும். விழிக்கும்போது, அணைந்த நேரத்திலிருந்தே தொடங்கும். மண் விழுந்து லயத்துக் கரண்ட் அறுந்தது புதன்கிழமை; அதன் கடிகாரம் நின்றதோ செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு.

அன்று எனக்கு இது தெரியாது. கிழமைகூடத் தெரியாத மிஷின் என்னை எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஒன்றை மட்டும் கவனித்தேன். எப்போதும் போனைப் பார்த்து அதற்கு மணி சொல்லிக்கொடுக்கிற மாமா, அன்று சொல்லிக்கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமையிலேயே விட்டு, பிளக்கைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தார்.

மறந்துவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன்.