நீ ஒட்டு, நான் ஓட்டுறேன்

விமானம் எங்கள் வீட்டுக்கு அட்டைப்பெட்டியில் வந்தது. சிவகாசியில் அட்டைப்பெட்டியைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஊர் பிழைப்பதே அதில்தான். ஆனால் என் கணவர் அந்தப் பெட்டியை பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து, கைக்குழந்தையைக் கூட்டிவருவது போல மெதுவாக ஓட்டி வந்தார். லேபிள் கட்டுகளைக் கயிற்றில் இறுக்கிப் பின்சீட்டில் விசிறிப் போட்டுக்கொண்டு பறக்கிற மனுஷன் அவர். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

எங்களுக்குச் சின்னதாக ஒரு ஆப்செட் அச்சகம். தீபாவளி வரைக்கும் பட்டாசு லேபிள், அதற்குப் பிறகு காலண்டர். பொங்கல் முடிந்தால் மெஷினுக்கும் எங்களுக்கும் ஓய்வு. பேப்பர் வாங்கச் சென்னைக்குப் போனபோது ஒரு மைதானத்தில் யாரோ ரிமோட்டில் விமானம் விட்டதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடித் தேடி, கடைசியில் ஒரு கடையைப் பிடித்து வரவழைத்திருந்தார்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே விமானம் இல்லை. மெல்லிய மரச்சட்டங்கள், மரத்தகடுகள், கம்பிகள், ஒரு சின்ன மோட்டார், பாயளவுக்கு மடித்து வைத்த ஒரு வரைபடம். என் மாமியார் எட்டிப் பார்த்தார்.

"எதுக்குலே இம்புட்டுக் குச்சி? தீப்பெட்டி ஆபீஸ் ஆரம்பிக்கப் போறீகளா?"

"பிளேன்ம்மா. நம்மதான் ஒட்டிச் சேக்கணும்."

"காசையும் குடுத்து வேலையும் நம்மளே பாக்கணுமாக்கும்" என்றபடி அத்தை டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். ஆர்டர் பிடித்துவிட்டு வேலையை என் தலையில் கட்டும்போது வருகிற அதே சிரிப்பு.

"உனக்குத்தான் கை நேக்கா வரும். நீ ஒட்டு, நான் ஓட்டுறேன்."

ஒரு எழுத்துதான் வித்தியாசம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் ஊரில் பெட்டி ஒட்டுவது பெண்கள், லேபிள் ஒட்டுவது பெண்கள், ஒட்டிய சரக்கை ஏற்றிக்கொண்டு லாரி ஓட்டுவது ஆண்கள். இதை யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. தானாக அப்படி இருக்கிறது. எனக்கு அன்றைக்குவரை ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. கேட்டபோதெல்லாம், "உனக்கு எதுக்கு, நான் கொண்டுபோய் விடுறேன்ல" என்று இதே சிரிப்பைச் சிரித்திருக்கிறார்.

"ஒட்டுறேன். ஆனா ஓட்டப் போறதும் நான்தான். மொத தடவ ரிமோட்டு என் கையிலதான் இருக்கும். சம்மதம்னா சொல்லுங்க, இல்லன்னா பெட்டிய மூடுங்க."

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார். அவர் அகராதியில் அதற்கு 'மாட்டேன்' என்று அர்த்தம். எனக்கு அது தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அச்சகத்தில் என் வேலை ரிஜிஸ்டர் பார்ப்பது. நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று லென்ஸை வைத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் தப்பினால் லேபிளில் இருக்கிற கிளிக்கு இரண்டு மூக்கு முளைத்துவிடும். அந்தக் கண்ணோடுதான் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். அதன்மேல் கண்ணாடித்தாள், அதன்மேல் மரத்துண்டுகள், அசையாமல் இருக்க வரிசையாகக் குண்டூசிகள். பால்சா என்கிற அந்த மரத்தைக் கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இருக்காது. நகம் பட்டால் தடம் விழும். மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்தேன். என் கணவர் நான்கு பேருக்கு உரிய யோசனைகளைச் சொல்லிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார்.

சாப்பாட்டு மேசை போனதால் வீடே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது. "எப்பம்மா ஒங்க பிளேன் கெளம்பும்? எனக்கு முட்டி வலிக்கி" என்று அத்தை தினமும் கேட்டார். ஒருநாள் இடப்பக்க இறக்கையில் ஒரு குறுக்குத் தகடு மயிரிழை சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பிய்த்து மறுபடி ஒட்டினேன். "இதையெல்லாம் யாரு பாக்கப் போறா?" என்றார் கணவர். "காத்து பாக்கும்" என்றேன். அந்தப் பதில் எனக்கே ரொம்பப் பிடித்துவிட்டது. அன்று முழுக்க நடையே வேறு மாதிரி இருந்தது.

இறக்கைக்கு மேல் மஞ்சள் நிற பிளாஸ்டிக் உறையை வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்ட வேண்டும். தேய்க்கத் தேய்க்கச் சுருக்கம் நீங்கி, முரசுத் தோல் மாதிரி விறைத்துக்கொண்டது. எலும்புக்கூடாகக் கிடந்தது திடீரென்று விமானமாகிவிட்டது. சந்தோஷத்தில் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, மஞ்சப் பூசுன மாதிரி" என்றார்.

அதன்பிறகு 'பாக்கலாம்' பேச்சு மறுபடி வந்தது. நான் விடவில்லை. பரீட்சை வைத்துவிடலாம் என்றேன். விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது நம் இடது அதற்கும் இடது. நம்மைப் பார்த்துத் திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். புதிதாக ஓட்டுகிறவர்கள் கவிழ்வது அங்கேதான் என்று வரைபடத்தோடு வந்த குறிப்பில் போட்டிருந்தது. அதனால் ஒருவர் விமானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தில் எதிரே நடந்து வருவது, இன்னொருவர் ரிமோட்டில் திருப்புவது. வால் எந்தப் பக்கம் அசைகிறது என்பதைப் பார்த்து அத்தை தீர்ப்பு சொல்வார்.

என் கணவர் முதலில் நின்றார். நான் விமானத்தோடு அவரை நோக்கி நடந்தேன்.

"சன்னல் பக்கம் திருப்புங்க!"

வால் எதிர்ப்பக்கம் ஆடியது.

"ஏலே, சன்னலுக்குப் போகச் சொன்னா அடுப்படிக்குப் போற" என்றார் அத்தை. அடுத்த முறையும் அடுப்படிக்கே போனார். அதற்கடுத்த முறை சுவாமி படத்துக்கு.

எனக்கு அது பெரிய வித்தையே இல்லை. அச்சுக்கு வருகிற பிலிமை முன்னும் பின்னும் புரட்டிப் புரட்டிப் பார்த்து, இடவலம் மாறிய எழுத்தை நேராகப் படிப்பது பழகிப்போயிருந்தது. ஒருமுறைகூடத் தப்பவில்லை. அத்தையும் தன் மகன் பக்கம் சாயவில்லை. "அவளே விடட்டும்லே. நீ சும்மா கூட நில்லு" என்றார். என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அச்சகத்துக்குக் கிளம்பிப் போனார். கோபமோ என்று நினைத்தேன்.

அடுத்த பிரச்சினை இடம். எங்கள் பக்கம் காலியிடத்துக்கா பஞ்சம், எங்கே பார்த்தாலும் பொட்டல்தான். ஆனால் பொட்டலின் நடுவில் தள்ளித் தள்ளி நிற்கிற சின்னச் சின்ன அறைகள் எல்லாம் பட்டாசு கம்பெனி. வெயிலில் திரி காய்கிற களத்தில், பேட்டரியும் மோட்டாருமாக வானத்திலிருந்து ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கீழே கம்பெனி இல்லாத வானத்தைத் தேடி வெம்பக்கோட்டை வரைக்கும் பைக்கில் அலைந்தோம். கடைசியில் ஆனைக்குட்டம் அணைக்குள், தண்ணீர் வற்றிக் கரம்பை மண் வெடித்துக் கிடந்த பரப்பு கிடைத்தது. விழுந்தாலும் மண்ணில்தான் விழும்.

சனிக்கிழமையே பேட்டரியைப் பொருத்தி, இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் நுனி கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். மூக்கு மட்டும் லேசாகத் தாழ்ந்து, நேராக நின்றது. என் அப்பா விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தவர். தராசு முள் நடுவில் நிற்கிற அழகு எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

ஞாயிறு காலை, காற்று கிளம்புவதற்கு முன்னால் அணைக்குப் போய்விட்டோம். இறக்கையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்சீட்டில் இருந்தேன். உடம்புப் பகுதியை அவர் துணியில் சுற்றித் தோளில் மாட்டியிருந்தார். அங்கே போய்த் துணியைப் பிரித்தார்.

வாலின் செங்குத்துப் பலகையில், இரண்டு பக்கமும், ஒரு லேபிள். நான்கு வண்ணம், பளபளவென்று வார்னிஷ், ஓரத்தில் தங்கக் கோடு. நடுவில் என் முகம். கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்திருக்கிறார். கீழே கொட்டை எழுத்தில் 'பைலட்'.

"லேபிள் இல்லாம ஒரு சரக்கு நம்ம ஊர விட்டுப் போகுமா?" என்றார். காது வரைக்கும் சிவந்திருந்தார். எனக்காக மெஷினை ஓட்டி, ரிஜிஸ்டரும் தானே பார்த்து அடித்து, முந்தின ராத்திரி நான் தூங்கிய பிறகு ஒட்டியிருக்கிறார். நான் உருகிப்போனேன். பொய் சொல்ல மாட்டேன், கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மெதுவாக, "மொத ரவுண்டு மட்டும் நான் விட்டுக்கிடவா?" என்றார்.

உருகிய மனுஷி என்ன செய்வாள்? கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊர் லேபிளில் தாமரை பூத்திருக்கும், பெட்டிக்குள் இருப்பது கரிமருந்து. என் கதையும் அதே கதைதான். லேபிளில் பைலட் நான், ரிமோட் அவர் கையில்.

நான் விமானத்தைத் தலைக்கு மேல் பிடித்து, ஓடி, வீசினேன். அது நேராகப் போகவில்லை. மூக்கை அண்ணாந்து தூக்கியது, தூக்கியது, வானத்தைப் பார்த்து நின்றே விட்டது. அப்படியே பின்பக்கமாகச் சரிந்து பொத்தென்று விழுந்தது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நான் ஒண்ணுமே பண்ணலயே, ஒண்ணுமே பண்ணலயே" என்றார். ஓடிப்போய் எடுத்தேன். இறக்கை நுனி விரிசல் விட்டிருந்தது, மற்றபடி பிழைத்திருந்தது. விரல் நுனியில் தூக்கிப் பார்த்தேன். வால் சடாரென்று கீழே போனது.

"லேபிளுக்குப் பின்னால என்ன வச்சீக?"

"விறைப்பா நிக்கணும்ல. டூப்ளெக்ஸ் அட்டை."

"எம்புட்டு?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு. மைதாப் பசையும் கொஞ்சம் தாராளமாத்தான் போட்டேன்."

மொத்த விமானத்திலும் அவர் ஒட்டியது அது ஒன்றுதான். தராசில் தட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு எடை கூடித் தெரியும். வால் நுனியில் அட்டையும் பசையும் என்றால் கல்லைக் கட்டிவிட்ட மாதிரி. எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. வழக்கமாகக் கோபம்தான் ஜெயிக்கும். அன்று சிரிப்பு ஜெயித்தது. கரம்பையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு பையிலிருந்த பசையை எடுத்து விரிசலை ஒட்டினேன்.

"லேபிள உரிச்சிருங்க" என்றேன்.

"நான் மாட்டேன். உன் மூஞ்சிய நான் எப்படிச் சொரண்டுவேன்?"

"பேட்டரிய இன்னும் முன்னால தள்ளிப் பாத்தீகன்னா?" என்றும் கேட்டுப் பார்த்தார். முன்னால் தள்ள இடமில்லை.

தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து லேபிளை நனைத்தேன். பிளாஸ்டிக் உறைமேல் ஒட்டியதால் ஓரம் எளிதாகக் கிளம்பியது. நெற்றி போயிற்று, மூக்குத்தி போயிற்று, கடைசியாகப் 'பைலட்' உரிந்து வந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எனக்கும் ஒரு நிமிடம் சங்கடமாகத்தான் இருந்தது. அவ்வளவு அழகாக என்னை அதற்கு முன்னாலும் யாரும் அச்சடித்ததில்லை, பின்னாலும் இல்லை. பழையபடி மூக்கு லேசாகத் தாழ்ந்து, விமானம் விரலில் நேராக நின்றது.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ரிமோட்டை வாங்கினேன். அவர் விமானத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

வீசியதும் அது முதலில் தாழ்ந்தது. விரலை ஒரு பிசிறு பின்னால் இழுத்தேன். ஏறியது. நான் சொன்னேன், அது ஏறியது. வாழ்க்கையில் நான் ஓட்டிய முதல் வண்டி அது, தரையில் இல்லாமல் வானத்தில் போய்க்கொண்டிருந்தது. கரையைத் தொடுவதற்குள் திருப்பினேன். மஞ்சள் இறக்கையில் வெயில் பட்டு மின்ன, என்னை நோக்கி நேராக வந்தது. "இடது, இடது!" என்று அவர் கத்தினார். நான் வலது திருப்பினேன். சரியாகத்தான் போனது.

கரைமேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தார். கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்த என் கணவரிடம்தான் கேட்டார்.

"யய்யா, நல்லாத்தான் விடுறீக. எங்க படிச்சீக?"

"நான் விடலம்மா" என்றார் அவர். "அந்தா நிக்கால்ல, அவதான் விடுறா."

பார்வையை வானத்திலிருந்து எடுக்க முடியாததால், அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. குரல் நன்றாகக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து பக்கத்தில் வந்து நின்று, "எனக்கு ஒரு ரவுண்டு குடேன்" என்றார்.

"பாக்கலாம்" என்றேன். பேட்டரி தீரும்வரை கொடுக்கவில்லை.