நாலடி ஏழு அங்குலத்துக்கு ஒரு சைக்கிள்

பியூன் வேலைக்குப் படிப்பு அதிகம் வேண்டாம், பணிவு இருந்தால் போதும் என்பார்கள். கால் எவ்வளவு நீளம் என்றும் பார்ப்பார்கள் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நான் நாலடி ஏழு அங்குலம். பஸ்ஸில் மேல்கம்பி எட்டாதவர்கள், ரேஷன் கடை ஜன்னலில் குதிகாலைத் தூக்கி நின்று பேசுகிறவர்கள், பரணில் இருப்பதை அடுத்தவரைக் கெஞ்சி எடுக்கிறவர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும்.

ஆர்டரில் ஒரு வரி

என் வீட்டுக்காரர் பெரம்பலூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் பியூனாக இருந்தார். மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் போய்விட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். எட்டாவதோடு நின்றுவிட்ட எனக்கு அவர் பார்த்த வேலையையே கொடுத்தார்கள். ஆர்டர் கைக்கு வந்த அன்றுதான் வீட்டில் ஒழுங்காக உலை வைத்தேன்.

ஆனால் அதன் கடைசியில் ஒரு வரி இருந்தது. தபால் கொண்டு போகிறவர் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் மேலதிகாரி முன்னால் ஓட்டிக் காட்டாவிட்டால் வேலை போய்விடும். எனக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கக்கூடத் தெரியாது. பெண்பிள்ளைக்கு அந்த வரியை எடுத்துவிடக் கூடாதா என்று ஹெட்கிளார்க்கிடம் கேட்டேன். நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆறடி ஆளுக்கு எழுதின ரூல்மா இது. உங்களுக்காகக் குட்டையாக்க இங்க யாருக்கும் அதிகாரம் கிடையாது."

தரைதான் எட்டவில்லை

வீட்டில் அவருடைய சைக்கிள் நின்றது. நடுவில் பார் வைத்த, உயரமான வண்டி. அதன் சீட்டு என் நெஞ்சுக்கு வந்தது. அதனால் பாய் கடையில் ஒரு லேடீஸ் சைக்கிளை வாடகைக்குக் கேட்டேன். பாய் சீட்டை அடிவரைக்கும் இறக்கிக் கொடுத்தார். அப்படியும், கீழே போகிற பெடல் என் காலை விட்டுவிட்டுப் போனது. இரண்டு பெடலிலும் மரக்கட்டை வைத்துக் கட்டினார். பெடல் எட்டியது. தரைதான் எட்டவில்லை.

ஓட்டுவது கஷ்டமில்லை, நிறுத்துவதுதான் கஷ்டம். ஓடும்போதே குதித்து இறங்கச் சொன்னார்கள். மூன்று தடவை குதித்தேன். மூன்று தடவையும் முழங்கால் கிழிந்தது. அப்புறம் மைல் கல், மதகுக் கட்டை, வாசல்படி என்று கால் ஊன்ற இடம் பார்த்துப் பார்த்துப் போனேன். நடுவில் ஒரு மாடு குறுக்கே வந்தால் என் கதை முடிந்தது. துறையூர் ரோட்டு டீக்கடைக்காரர் தினமும் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "அக்கா, நீங்க சைக்கிள் ஓட்டல. ஒரு கல்லுலேருந்து இன்னொரு கல்லுக்குத் தாவிக்கிட்டு இருக்கீங்க."

நாத்தனார் பார்த்தது

ஒருநாள் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புடவை செயினில் மாட்டி, சேற்றில் விழுந்தேன். விழுந்த நேரம், கீழப்பழுவூரிலிருந்து வந்த பஸ்ஸில் என் நாத்தனார் இறங்கினாள். என்னைத் தூக்கி நிறுத்தினாள். வீட்டுக்குக் கூட்டி வந்து, வெந்நீர் வைத்து, முழங்காலைக் கழுவி, மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். பூசி முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து சொன்னாள்: "எங்கண்ணன் போயி நாலு மாசம் ஆவல. அதுக்குள்ள நடுரோட்டுல வுழுந்து எழுந்திரிக்கிற. பாக்கறவங்க என்னா நெனப்பாங்க அண்ணி?"

உடையார்பாளையத்தில்

அரியலூர் ஆபீஸிலிருந்து வரும் பியூன் ஒருவர்தான் சொன்னார். உடையார்பாளையத்தில் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டில், இரண்டாக மடக்குகிற சைக்கிள் சும்மா கிடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, அரியலூரில் மாறிப் போனேன்.

என் மாதிரி ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன். சக்கரம் சின்னதாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சீட்டு எவ்வளவு தூரம் கீழே இறங்குகிறது, உட்கார்ந்தால் கை ஹேண்டில்பாருக்கு எட்டுகிறதா, மடங்குகிற இடத்துக் கொண்டி ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நான் மூன்றையும் பார்த்தேன். புடவை தடுக்காமல் காலைத் தூக்கிப் போட முடிந்தது. உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் முழுசாக மண்ணில் பட்டன. எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே இருந்தேன்.

அவர் பணம் கேட்கவில்லை. முந்திரித் தோப்பிலிருந்து மூட்டை ஏற்றி வர உயரமான, கனமான வண்டிதான் வேண்டும் என்றார். வீட்டில் நின்ற சைக்கிளைப் பற்றி நானே வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் என் பெரிய மகள் அதைத் துடைத்துப் பொட்டு வைப்பாள். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னபோது அவள் அதில் தொங்கிய தபால் பையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு அந்த வண்டியை பஸ் கூரையில் ஏற்றினார்கள். நான் அண்ணாந்து பார்க்கவில்லை. உடையார்பாளையத்தில் அதைக் கைமாற்றும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சீட்டையும் ஒரு தடவை துடைத்தேன். அந்த வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அழுவாத தாயி. ஆளு இல்லாத வண்டிய வெச்சுக்கிட்டு எத்தன நாளு தொடச்சுக்கிட்டே இருப்ப?"

அரை டிக்கெட்

திரும்பும்போது சைக்கிளை மடக்கி, சாக்கில் சுற்றி, பஸ்ஸுக்குள் என் காலடியிலேயே வைத்துக்கொண்டேன். கூரையில் போட்டால் வளைந்துவிடும் என்று பயம். கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்தார். சைக்கிள் என்றேன். சைக்கிளை எல்லாம் மேலேதான் ஏற்ற வேண்டும் என்றார். மடக்கியிருக்கிறது என்றேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் அதில் இடித்துக்கொண்டு என்னைத் திட்டினார்கள். கடைசியில் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, பின்சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஆளும் அரை டிக்கெட்டு, வண்டியும் அரை டிக்கெட்டு. எடத்த மட்டும் முழுசா அடைச்சுக்கிட்டு வருதுங்க."

யார் வண்டி?

பதினைந்தே நாளில் ஓட்டப் பழகிவிட்டேன். ஐந்தாவது மாதம் திருச்சியிலிருந்து மேலதிகாரி வந்தார். ஆபீஸ் வளாகத்தைத் தபால் பையோடு இரண்டு சுற்று சுற்றி, அவர் முன்னால் வந்து இரண்டு காலையும் ஊன்றி நிறுத்தினேன். ஜன்னலிலிருந்து டைப்பிஸ்ட் பெண் கை தட்டினாள்.

அதிகாரி, "இது யாரு வண்டி?" என்று கேட்டார். என்னுடையது என்றேன். அங்கேதான் வந்தது வினை. ஆபீஸ் சைக்கிளில்தான் ஓட்டிக் காட்ட வேண்டுமாம். சொந்த வண்டியில் ஓட்டியது செல்லாதாம். மாடிப்படிக்குக் கீழே ஆபீஸ் சைக்கிள் நின்றது. என் வீட்டுக்காரர் ஓட்டியதைப் போலவே உயரம், நடுவில் பார். அதன் பக்கத்தில் போய் நின்றேன். சீட்டுக்கு மேலே என் தலையும் தோளும் மட்டும்தான் தெரிந்திருக்கும். அதிகாரிக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. காரில் ஏறும்போது முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அடுத்த மாசம் வரேன்மா. அதுக்குள்ள கொஞ்சம் பழகிக்குங்க."

ஹெட்கிளார்க் சொன்ன வழி

எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. உயரத்தை எங்கே போய்ப் பழகுவது? மூன்றாம் நாள் ஹெட்கிளார்க் கூப்பிட்டார். என் சைக்கிளை ஆபீஸுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்துவிட்டால் அதுவும் ஆபீஸ் சைக்கிள்தானே என்றார். நாலு வரி அவரே எழுதி வைத்திருந்தார். கையெழுத்துப் போடுகிற இடத்தைப் பென்சிலால் குறித்திருந்தார். சைக்கிள் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். பேனாவை என் பக்கம் நகர்த்திச் சொன்னார்: "வேலை கெடைக்கும்மா."

நிரந்தரம்

பெயிண்டர் வந்து வண்டியில் வெள்ளை எழுத்தில் ஆபீஸ் நம்பரைப் போட்டுவிட்டுப் போனார். சொன்னபடி அதிகாரி வந்தார். அதே வளாகம், அதே இரண்டு சுற்று. இந்தத் தடவை கேள்வி எதுவும் இல்லாமல் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் பிள்ளைகளுக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதிகாரி வண்டியை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். பிறகு ஹெட்கிளார்க்கைப் பார்த்துச் சொன்னார்: "வெளிநாட்டு வண்டி, ரிப்பேர் ஆனா இங்க ஸ்பேர் கெடைக்காது. ரெக்கார்டு ரூம்ல வெச்சுப் பூட்டிடுங்க. இனிமே இது சர்க்கார் சொத்து."

மூன்று வருஷமாகப் பெரம்பலூர் முழுக்கத் தபாலை நடந்தேதான் கொண்டு போகிறேன். எனக்கு நடக்கத் தெரியுமா என்று மட்டும் இதுவரை எந்த அதிகாரியும் வந்து சோதித்துப் பார்க்கவில்லை.